கலயமும் பீப்பாயும்

(முன்னாள் மாணவன், மெக்கானிக்கல் பிரிவு)



"மாணவர் பேரவை மலரில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா? மலர்க் குழு தூங்கிவிட்டதா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. குடிக்காதே என்று புத்தி சொல்ல வந்ததும் அல்ல. சர்க்கரை எப்படி மது ஆகிறது, அந்த மது ஒரு மரப் பீப்பாய்க்குள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் என்ன ஆகிறது, அதைச் சுவைத்துப் பார்ப்பதில் என்ன கலை இருக்கிறது என்பதைச் சொல்ல வந்த கட்டுரை.

இதை எழுத என்னைத் தூண்டியது பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பாட்டில். ஒயின் இருந்த பீப்பாயில் முதிர வைத்த பலமான ஏல் என்னும் பீர் அது. பெங்களூரில் என்னோடு தங்கியிருக்கும் நண்பர் கம்பெனி வேலையாகப் போய்வந்தபோது கொண்டுவந்தார். பெயரை எழுதப் போவதில்லை; இது விளம்பரப் பக்கம் அல்லவே! அதைச் சுவைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பெல்ஜியம் அல்ல, திருவாலங்காட்டுப் பனங்காடு. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

பொங்குவது என்றால் என்ன?

எல்லா மதுவுக்கும் அடிப்படை ஒன்றுதான். சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தின்கிறது. ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு எத்தனால் மூலக்கூறுகளாகவும் இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாகவும் உடைகிறது. எடைக் கணக்கில் பார்த்தால் 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் எத்தனால், 88 கிராம் வாயு. முதலாண்டு கெமிஸ்ட்ரி வைவாவில் கேட்டால் திணறுவோம். ஆனால் கலயத்தில் நுரை தள்ளுவதைப் பார்த்தவனுக்கு இது கண்ணால் கண்ட சமன்பாடு. அந்த நுரைதான் 88 கிராம்.

சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். திராட்சையிலிருந்து வந்தால் ஒயின். முளைகட்டிய பார்லியிலிருந்து வந்தால் பீர். பனம்பாளையிலிருந்து வந்தால் கள். கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்தும் வரும். திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கறுத்த பாகின் வாசனை தெரியும். மொலாசஸ் என்பார்கள். சர்க்கரையைப் படிகமாகப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அந்தப் பாகில் இன்னும் பாதிக்குப் பாதி சர்க்கரை இருக்கும். அதைப் பொங்கவைத்துக் காய்ச்சி எடுத்த ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்ததுதான் நம் நாட்டுக் கடைகளில் விற்கும் மலிவு விஸ்கி, பிராந்திகளில் பெரும்பாலானவை. அவற்றில் பல பீப்பாயைக் கண்ணால்கூடப் பார்த்திராதவை. அந்தப் பொன்னிறம் மரம் தந்ததல்ல, கருக்கிய சர்க்கரை தந்தது.

கழுவாத கலயம்

பனஞ்சாறு மரத்திலிருந்து சொட்டும்போது சுத்தமான இனிப்புத் தண்ணீர். அதில் சர்க்கரை 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது பதனி. சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்யாது. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் பொங்கி, நுரைத்து, 4 அல்லது 5 சதவீதம் ஆல்கஹால் உள்ள கள் ஆகிவிடும். ஒரு நாள் தாண்டினால் புளிப்பு ஏறும். இன்னும் விட்டால் காடி. அதாவது பதனி, கள், காடி என்ற மூன்றும் ஒரே பொருளின் மூன்று வயசு. இடையில் நிற்பது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பும் சில மணி நேரமும்தான்.

இதில் ஒரு கேள்வி: யாரும் ஈஸ்ட் போடவில்லையே, அது எங்கிருந்து வந்தது?

எங்கள் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய பனையேறித் தாத்தா ஒருவரிடம் கேட்டேன். இப்போது அவர் பதனி மட்டும்தான் இறக்குகிறார். அவர் சொன்னது:

"கள்ளு எறக்குன காலத்துல கலயத்த கழுவவே மாட்டோம் தம்பி. கழுவிட்டா அன்னிக்கு பொங்காது. பழைய கலயம்தான் சீக்கிரம் பொங்கும். புதுக் கலயத்துல ஊத்துனா அது மந்தமா கெடக்கும். நேத்து கள்ளு கொஞ்சம் அடியில இருந்தாத்தான் இன்னிக்கு கள்ளு கள்ளா இருக்கும்."

தாத்தா மைக்ரோபயாலஜி படித்ததில்லை. ஆனால் ஒரு பாடப்புத்தக அத்தியாயத்தையே நாலு வரியில் சொல்லிவிட்டார். மண் கலயத்தின் நுண்துளைகளில் ஈஸ்டும் பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. பாளையிலும் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் வருபவை வேறு. கள்ளில் ஈஸ்ட் மட்டும் தனியாக வேலை செய்வதில்லை. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஒரு வகை பாக்டீரியாவும், தயிரைப் புளிக்க வைப்பது போன்ற லாக்டிக் பாக்டீரியாவும், கடைசியில் வந்து காடியாக்கும் அசிட்டிக் பாக்டீரியாவும் சேர்ந்த கூட்டுக் குடும்பம் அது.

பெல்ஜியத்துக் காற்று

இப்போது பெல்ஜியத்துக்குப் போவோம். உலகத்தின் பெரும்பாலான பீர் ஆலைகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரே ஒரு ஈஸ்டைத்தான் பயன்படுத்துகின்றன. வேறு கிருமி உள்ளே வந்தால் அபாயச் சங்கு! ஆனால் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லாம்பிக் என்று ஒரு பீர் செய்கிறார்கள். கொதித்த பார்லிச் சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவில் திறந்தே வைக்கிறார்கள். காற்றில் வரும் ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து இறங்குகின்றன. காலையில் அதை மரப் பீப்பாய்களில் அடைத்து ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் போடுவதே கிடையாது!

படித்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இது நம்மூர்க் கள்ளின் தத்துவம்தானே! அங்கே பழைய பீப்பாய், இங்கே பழைய கலயம். பீப்பாயின் மரத்துளைகளில் பிரெட்டனோமைசஸ் என்ற ஒரு வகை ஈஸ்ட் வாழ்கிறது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் என்பவர் 1904இல் அதற்குப் பெயர் வைத்தார். சாதாரண ஈஸ்ட் தின்னாமல் விட்ட கடினமான சர்க்கரைகளையும் இது மாதக்கணக்கில் மெதுவாக மென்று தின்னும். அதோடு தோல், வைக்கோல், மாட்டுக் கொட்டகை போன்ற ஒரு வாசனையைக் கொடுக்கும். கேட்க அருவருப்பாக இருக்கும். அளவோடு இருந்தால் அதுதான் அந்த பீருக்கு அழகு.

பெல்ஜியத்தின் பலமான ஏல் இதிலிருந்து கொஞ்சம் வேறு. அதற்கு ஈஸ்ட் போடுவார்கள்; ஆனால் அந்த ஈஸ்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சற்று வெதுவெதுப்பில் பொங்க விடுவதால், வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர்களையும் கிராம்பு வாசனை தரும் பீனால்களையும் அது உண்டாக்குகிறது. பழமோ கிராம்போ யாரும் போடுவதில்லை. எல்லாம் ஈஸ்டின் கைவண்ணம். பலத்துக்காகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் சேர்ப்பார்கள். சாதாரண பீரில் 5 சதவீதம் ஆல்கஹால் என்றால் இதில் 8 முதல் 12 வரை போகும். ஷிமே, வெஸ்ட்மாலே, ஓர்வால் போன்ற இடங்களில் கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களே பீர் காய்ச்சி, அதன் வருமானத்தில் மடத்தையும் தர்ம காரியங்களையும் நடத்துகின்றன. 2016இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு கலயத்துக்கு அப்படி ஒரு மரியாதை!

ஆணி இல்லாத இயந்திரம்

மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் பீப்பாயை ஒரு இயந்திரமாகப் பார்க்கிறேன். ஓக் மரத்தைப் பிளந்து, வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் காயவைத்து, பலகைகளாக இழைத்து, நெருப்பின் மேல் சூடாக்கி வளைத்து, இரும்பு வளையங்களால் இறுக்குகிறார்கள். பக்கப் பலகைகளைச் சேர்க்க ஆணியும் இல்லை, பசையும் இல்லை. உள்ளே திரவம் நிரம்பியதும் மரம் ஊறிப் பருத்து, இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்கிறது. நடுவில் பெருத்து இரு முனையிலும் சிறுத்த வடிவமும் காரணமில்லாமல் வந்ததல்ல. வளையத்தைச் சுத்தியால் தட்டித் தள்ளத் தள்ள இறுக்கம் கூடும். படுக்கவைத்தால் தரையைத் தொடும் இடம் சிறிது. எனவே 225 லிட்டர் ஒயின் நிரம்பிய பீப்பாயை ஒரே ஆள் உருட்டித் திருப்பிவிடலாம்.

இந்த இயந்திரம் செய்யும் வேலைகள் மூன்று.

முதல் வேலை, கொடுப்பது. நெருப்பில் வாட்டிய ஓக் மரத்தின் லிக்னின் உடைந்து வனிலா வாசனை தரும் வனிலின் வருகிறது. மரச் சர்க்கரைகள் கருகிக் கேரமல் ஆகின்றன. லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை தருகிறது. டானின் துவர்ப்பைத் தருகிறது. முன்பு ஒயின் இருந்த பீப்பாய் என்றால் பலகைக்குள் லிட்டர் கணக்கில் ஒயின் ஊறியிருக்கும். அதுவும் மெதுவாகப் பீரோடு கலக்கும்.

இரண்டாவது, மூச்சு விடுவது. பலகை வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் மிக மிகக் கொஞ்சமாக ஆக்சிஜன் உள்ளே போகிறது. அந்தக் கொஞ்சம் சுவையை மென்மையாக்கும். அதிகம் போனால் அசிட்டிக் பாக்டீரியா குஷியாகி எல்லாவற்றையும் காடியாக்கிவிடும். பீப்பாய்க்காரனின் கவலை முழுக்க இந்த மூச்சின் அளவில்தான்.

மூன்றாவது, வீடாக இருப்பது. நாம் மேலே பார்த்த நுண்ணுயிர்களுக்கு மரத்துளைதான் வீடு.

பீப்பாயின் அளவும் முக்கியம். இங்கே ஒரு சின்னக் கணக்கு. பாத்திரம் பெரிதாகும்போது கொள்ளளவு மும்மடிப்படியும் (நீளத்தின் கனம்), பரப்பு இருமடிப்படியும் (நீளத்தின் வர்க்கம்) கூடும். 225 லிட்டர் பீப்பாயையும் அதே வடிவத்தில் 20,000 லிட்டர் தொட்டியையும் ஒப்பிட்டால், பெரிய தொட்டியில் ஒவ்வொரு லிட்டரும் தொடும் மரப்பரப்பு ஏறக்குறைய நாலரை மடங்கு குறைவு. அதனால்தான் சின்னப் பீப்பாயில் சில மாதங்களில் மர வாசனை தூக்கலாகிவிடும். பெரிய தொட்டியில் இரண்டாண்டு வைத்தாலும் மரம் அடக்கியே பேசும். பெல்ஜியத்தின் ரூசலாரே ஊரில் ரோடன்பாக் ஆலையில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்த ஓக் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அங்கே முதிர்ந்த பீரையும் இளம் பீரையும் கலந்து சுவையைச் சமன் செய்கிறார்கள்.

சுவைத்த விதம்

அந்த பாட்டில் 750 மில்லி. ஆல்கஹால் 10 சதவீதம். நாங்கள் நாலு பேர். அதில் ஒருவர் குடிப்பதே இல்லை. "மூக்கை மட்டும் வாடகைக்குத் தர்றேன்" என்று உட்கார்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, அன்று அதிகம் கண்டுபிடித்தது அந்த மூக்குத்தான்.

முதல் பாடம்: ஐஸ் போலக் குளிர்விக்கக் கூடாது. வாசனைப் பொருள்கள் ஆவியாகி மூக்குக்கு வந்தால்தான் சுவை. கடுங்குளிரில் அவை எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். சுமார் 12, 14 டிகிரி போதும். நம் ஊரில் பீர் என்றாலே "சில்லுனு இருக்கா?" என்று கேட்பதன் ரகசியம், சில்லென்று இருந்தால் மட்டமான சுவை தெரியாது என்பதுதானோ என்னவோ!

இரண்டாவது பாடம்: வாய் குறுகிய, வயிறு பெருத்த கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். மீதி இடம் வாசனைக்கு.

பார்த்தோம்: நிறம் கருப்பட்டிப் பாகு போல, விளக்கின் எதிரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பு. முகர்ந்தோம்: முதலில் கனிந்த வாழைப்பழம், பின்னால் கிராம்பு, உலர்ந்த திராட்சை, பேரீச்சை. கோப்பையைச் சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தபோது வனிலாவும் ஈர மரமும். குடிக்காத நண்பர் கண்ணை மூடிக்கொண்டு, "நாவப்பழம்டா, கீழ விழுந்து நசுங்கின நாவப்பழம்" என்றார். பீப்பாயில் ஊறியிருந்த செந்நிற ஒயின் அதுதான்!

வாயில் ஒரு மிடறு வைத்து உடனே விழுங்காமல் நாக்கில் புரட்டினோம். முன்னே இனிப்பு. நடுவில் புளிப்பு. பின்னால் லேசான கசப்பு. அது ஹாப்ஸ் பூவும் கறுத்த மால்ட்டும் தருவது. கடைசியில் நாக்கையும் கன்னத்தையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. நாவற்பழம் தின்றபின் வருமே, அதே பிடிப்பு. தமிழனுக்கு இங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது. மேல்நாட்டு ஒயின் புத்தகங்களில் துவர்ப்பை ஒரு சுவையாகச் சேர்ப்பதில்லை. அதை ஒரு தொடு உணர்ச்சியாக விளக்கப் பாடுபடுகிறார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவும் கடுக்காயும் தெரிந்த நாக்குக்கு டானினை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

விழுங்கிய பின் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றார் பாட்டில் கொண்டுவந்த நண்பர். காத்திருந்தேன். எல்லா வாசனையும் அடங்கிய பிறகு தொண்டையின் பின்புறத்தில் ஒன்று மிஞ்சியது. புளித்தும் புளிக்காமலும் ஈர மண்ணும் சேர்ந்த ஒரு வாசனை. கழுவாத கலயத்தின் வாசனை. ஐரோப்பாவின் மரத்துளையில் வாழ்வதும் நம்மூர் மண்துளையில் வாழ்வதும் ஒரே குலம்தான் என்று அப்போது மூக்கே எனக்குச் சொல்லிவிட்டது.

முதிர வைப்பது நமக்குப் புதிதா?

இல்லை. புறநானூற்றைப் புரட்டினால் மூங்கில் குழாயில் முதிர வைத்த தேறலும் வருகிறது, மண்ணில் புதைத்து முதிர வைத்த தேறலும் வருகிறது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலும் வருகிறது. தேறல் என்றால் தெளிந்த மது. யவனர் மது வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில், 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தன. ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அயல்நாட்டு ஒயினைச் சுவைத்தவனும், மூங்கிலுக்குள் மதுவை வைத்து மரவாசனை ஏற்றியவனும் தமிழன்தான். சோழர் செப்பேடுகள் சிலவற்றில், தானமாகக் கொடுத்த ஊரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்ற நிபந்தனைகூட உண்டு. ஈழம் என்ற சொல்லுக்கே கள் என்று ஒரு பொருள் இருந்தது. மரம், ஏறுபவர், வரி, தடை என்று எல்லாமே பழைய கதைதான்.

இன்றும் உயிரோடு இருக்கும் உதாரணம் இலங்கை. அங்கே தென்னங்கள்ளைச் சேகரித்து, அது காடியாகுமுன் அவசரமாக ஆலைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சுகிறார்கள். கள் இறக்குபவர்கள் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்காமல், மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல் நடந்தே போவார்கள். காய்ச்சிய சாராயத்தை ஹல்மில்ல என்ற மரத்தாலான தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் முதிர வைக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் இந்த மரத்தைத் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தார்கள். சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்கும் இது உதவியது. ஓக்கைத் தேடி ஐரோப்பாவுக்குப் போகாமல் சொந்த மண்ணின் மரத்தையே அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள் பாருங்கள்!

இன்னொன்று நான் வேலை பார்க்கும் பெங்களூர். 1948இல் தொடங்கிய அம்ருத் டிஸ்டிலரி, பார்லியிலிருந்து எடுத்த மால்ட் விஸ்கியை 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகப்படுத்தியது. திருப்பதிக்கே லட்டு அனுப்பிய மாதிரி! முதலில் சிரித்தார்கள், பிறகு உலகப் போட்டிகளில் பரிசு கொடுத்தார்கள். ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதிர வைத்த வகையும் அவர்களிடம் உண்டு. விஸ்கி என்பது ஹாப்ஸ் போடாத பீரைக் காய்ச்சி வடித்ததுதான். எனவே அதுவும் நம் பெல்ஜிய பாட்டிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

பீப்பாயிலிருந்து ஆவியாகிக் காற்றில் போவதை மேல்நாட்டில் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 11 சதவீதம் என்றால், 200 லிட்டரில் நாலு ஆண்டில் மிஞ்சுவது 125 லிட்டர். எட்டு ஆண்டில் 79 லிட்டர்தான். ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்தும் 157 லிட்டர் இருக்கும். ஆனால் நம் வெப்பத்தில் மரம் தன் சரக்கை வேகமாக விட்டுக்கொடுக்கிறது. நாலைந்து ஆண்டிலேயே நன்றாக முதிர்ந்துவிடுகிறது. நம் தேவதைகளுக்குத் தாகம் அதிகம், வேலையும் வேகம்.

நாக்குக்குத் தெரியாத விஷம்

இதுவரை சொன்னதெல்லாம் ரசனை. இனி சொல்வது உயிர்.

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் கூலிக்காரர்கள். "கள்ளச்சாராயம் சரியாகக் காய்ச்சவில்லை, அதனால் விஷமாகிவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பனஞ்சாறோ வெல்லமோ பொங்கினால் மெத்தனால் உண்டாவது மிகச் சொற்பம். கும்பல் கும்பலாகச் சாகடிப்பது, தொழிற்சாலைக் கரைப்பானாக விற்கும் மெத்தனாலை யாரோ ஒருவன் வாங்கிக் கலப்பதுதான். பொங்குதல் கொல்லவில்லை, கலப்படம் கொல்கிறது.

எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் ஒரு கார்பன் அணுவும் அதோடு சேர்ந்த இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும்தான் வித்தியாசம். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.4 டிகிரியில். லேபில் வேறுபடுத்தலாம்; நாக்காலும் மூக்காலும் முடியாது. நாவற்பழத்தைக் கண்டுபிடித்த என் நண்பரின் மூக்குகூட அங்கே தோற்றுவிடும். கல்லீரல் மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனி மூடியதுபோல் பார்வை மங்கல். "போதை தெளியட்டும்" என்று படுக்கவைத்தால் அவ்வளவுதான். பார்வை மங்குகிறது என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்திகரிக்க டயாலிசிஸ் உண்டு, நேரம்தான் கிடையாது. இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒன்று நிற்கட்டும்.

கண்காணிப்பும் மரியாதையும்

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கியது. 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. அயல்நாட்டு வகைகள் மட்டும் கடைகளில். எல்லைக்கு அந்தப் பக்கம், திருத்தணி தாண்டி நகரி பக்கம் போனால், கள் இறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. தாட்டிக் கல்லு, ஈத்தக் கல்லு என்று தெலுங்கில் வகைபிரித்தே சொல்வார்கள். திருத்தணி வட்டம் 1960இல்தான் ஆந்திராவிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. பனைக்கு எல்லைக்கோடு தெரியாது. பனையேறிக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

கள்ளுக்குத் தடை வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அனுமதி இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சுத்தமாகிவிடாது. தெலங்கானாவில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட்டும் அல்பிரசோலம் மாத்திரையும் கலந்த வழக்குகள் வந்திருக்கின்றன. குடியால் கெட்ட குடும்பங்களை நம் தெருவிலேயே எண்ணலாம். ஆனால் ஒன்றை மட்டும் தொழில்நுட்பம் படித்தவனாகச் சொல்வேன். பெல்ஜியத்தின் பீப்பாயும் இலங்கையின் தொட்டியும் நம் கலயமும் அடிப்படையில் ஒரே உயிரியலால் இயங்குகின்றன. அங்கே அதை அளந்தார்கள், எழுதிவைத்தார்கள், சோதித்தார்கள், செய்பவனைக் கைவினைஞன் என்று அழைத்தார்கள். இங்கே அது ஒளிந்துகொண்டது. ஒளிந்த இடத்தில் அளவுகோல் போகாது. அளவுகோல் போகாத இடத்துக்கு மெத்தனால் போகும்.

தாத்தாவின் பிள்ளைகள் யாரும் பனை ஏறுவதில்லை. ஒருவர் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, இன்னொருவர் ஆட்டோ. "ஏறி வுழுந்தா யாரு பாப்பா?" என்று அவரே சொல்லிவிட்டார். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. மரம் நிற்கிறது; அதன் மேல் ஏறிய அறிவுதான் ஒவ்வொரு வருடமும் இறங்கிக்கொண்டே வருகிறது. எந்தப் பாளை எப்போது நசுக்க வேண்டும், எத்தனை முறை சீவ வேண்டும், எந்த மாதம் சாறு கெட்டியாகும், எத்தனை சுண்ணாம்பு போட்டால் பதனி நிற்கும் என்பதெல்லாம் எந்த நோட்டிலும் இல்லை.

நண்பர்களே, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் போன வருடத்து ரிப்போர்ட்டைத் தூசு தட்டுகிறோமே, இதோ தலைப்புகள்: பாதுகாப்பாகப் பனை ஏறும் சாதனம், பதனி கெடாமல் ஒரு நாள் கூடுதலாக நிற்கும் குளிர் கலயம், சுண்ணாம்பின் அளவைக் காட்டும் மலிவான காரத்தன்மை மானி, மெத்தனாலைக் கண்டுபிடிக்கும் கைக்கடக்கமான சோதனைப் பெட்டி. இதில் ஒன்றுக்கும் ஒரு சொட்டு மது குடிக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு பனையேறித் தாத்தா இன்னும் இருந்தால், இந்தச் சீசனிலேயே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள்.